பொன்னுத்தாயி மதினி மூச்சு விட்ட கதை

எங்கள் தெருவில் யார் வீட்டில் நல்லது நடந்தாலும் முதலில் ஆள் ஓடுவது பூக்கடைக்கு அல்ல, பொன்னுத்தாயி மதினி வீட்டுக்குத்தான். தாலி ஏறும்போது குலவை வேணும். வளைகாப்பில் முதல் வளையல் போடும்போது வேணும். மாரியம்மன் கோயில் முளைப்பாரி தெருவில் இறங்கும்போது கட்டாயம் வேணும். குலவை போடத் தெரிந்தவர்கள் தெருவில் பத்துப் பேர் இருக்கிறோம். ஆனால் நாங்கள் போடுவது மிக்சி ஓடி நிற்கிற மாதிரி. மதினி வாயைக் குவித்து நாக்கைச் சுழற்ற ஆரம்பித்தால், டீக்கடையில் நிற்கிறவர் டீயை வாங்கி ஊதி ஒரு வாய் குடித்துவிட்டுத் திரும்பிப் பார்க்கும்போதும் அது போய்க்கொண்டே இருக்கும்.

மதினி என் அண்ணன் முத்தரசுவைக் கட்டியவங்க. பிறந்தது நாச்சியாபுரம். நடவு வயலில் முதல் நாற்று ஊன்றும்போது அவுக ஆத்தா குலவை போட, பக்கத்தில் சேறு பூசிக்கொண்டு நின்ற ஏழு வயசுப் பிள்ளையும் சேர்ந்து போட்டதாம். பெரியவர்கள் நிறுத்திய பிறகும் பிள்ளை நிறுத்தவில்லையாம். காரைக்குடிக்கு வாக்கப்பட்டு வந்து இருபத்தேழு வருசம் ஆகிறது. வந்த மூன்றாம் வருசத்திலிருந்து எங்கள் தெரு முளைப்பாரிக்கு முன்னால் நிற்பது மதினிதான். அது மாரியாத்தா கொடுத்த இடம் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம்.

போன வருசம் ஆடியில்தான் அந்த இடம் ஆடிப்போனது.

முளைப்பாரி ஊர்வலம் டிரான்ஸ்பார்மர் முக்கில் திரும்பிக்கொண்டிருந்தது. வெயில், கூட்டம், காதுக்குப் பக்கத்தில் மேளம். மதினி ஒரு குலவை முடித்து அடுத்ததை எடுக்கும்போது மூச்சு உள்ளே போகவில்லை. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. தலையிலிருந்த முளைப்பாரிச் சட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பின்னால் வந்த துர்காதேவி இரண்டு எட்டு பாய்ந்து வந்து ஒரு கையால் தாங்கிப் பிடித்ததால் சட்டி தப்பியது. துர்காதேவி எங்கள் தெருவில் ஜாக்கெட் தைக்கிற பெண். தன் தலையில் ஒரு சட்டி, கையில் மதினியின் சட்டி என்று அவள் நின்ற நிலையை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. முளைப்பாரி கீழே விழுந்தால் அந்த வருசம் ஊருக்கு ஆகாது என்பார்கள். விழவில்லை. ஆனால் விழுந்திருந்தால் என்கிற நினைப்பு மதினிக்குள் விழுந்துவிட்டது.

அதற்குப் பிறகு எங்கே மேளச் சத்தம் கேட்டாலும் படபடப்பு. பஸ் ஸ்டாண்டில் கூட்டம் நெருக்கினால் படபடப்பு. ரேஷன் கடை வரிசையில் முன்னால் நாலு பேர் சண்டை போட்டால் இவங்களுக்கு உள்ளங்கை வேர்க்கும். அண்ணன் பயந்துபோய் டாக்டரிடம் கூட்டிப்போனார், நானும் கூடப் போனேன். ஈசிஜி எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள்.

"இருதயத்துல ஒண்ணும் இல்லம்மா," என்றார் டாக்டர். "பயம் வந்ததும் மேலாலேயே குட்டி குட்டியா மூச்சு வாங்குறீங்க. அதான் படபடப்பு கூடுது. மனச நிதானமா வச்சுக்கங்க."

வெளியே வந்ததும் மதினி என்னிடம் சொன்னாங்க: "மனச எங்கன வைக்கணும்னு சொல்லலையே சோலை. மாத்திரைன்னா காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணுன்னு சீட்டுல எழுதித் தந்திருப்பாரு."

அந்த வருசம் முழுக்க மதினி குலவையே போடவில்லை. கல்யாண வீட்டிலிருந்து ஆள் வந்தால், "தொண்டை கட்டியிருக்குத்தா" என்று சொல்லி அனுப்பிவிடுவாங்க. துர்காதேவிதான் போய்வந்தாள். அவள் குலவை சுத்தமாக இருக்கும். ஆனால் நீளம் பற்றாது. "குக்கர் மாதிரி மூணு விசில்ல இறக்கிருவா," என்று அண்ணன் சொல்வார். மதினிக்குச் சிரிப்பு வரும், கூடவே கண்ணும் கலங்கும்.

நானும் மதினியும் ஒரே இடத்தில்தான் வேலை பார்க்கிறோம். செட்டியார் வீடு ஒன்றை ஓட்டலாக ஆக்கியிருக்கிறார்கள். வெளிநாட்டு ஆட்கள் வந்து தங்குவார்கள். எனக்கு அடுப்படி. மதினிக்குத் தரை. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையை மதினி துடைத்தால் தூணின் நிழல் அதில் குளத்தில் விழுந்த மாதிரி விழும்.

இந்த வருசம் சித்திரையிலிருந்து அங்கே காலையில் யோகா வகுப்பு வைத்தார்கள். சொல்லிக்கொடுப்பது தீக்ஷா. காரைக்குடிச் செட்டியார் வீட்டுப் பிள்ளைதான். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்து, ராத்திரி தூக்கம் போய், அதற்காக யோகா படிக்கப் போய், கடைசியில் அதையே வேலையாக்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டது. நடு முற்றமான வளவு வாசலில் வெள்ளைக்காரர்கள் வரிசையாக விரிப்புப் போட்டு உட்காருவார்கள். அதைச் சுற்றி ஓடுகிற தாழ்வாரத்தில்தான் மதினிக்கு அந்த நேரத்தில் வேலை.

தீக்ஷா சொல்வதெல்லாம் இங்கிலீசு. மதினிக்குக் காது உதவவில்லை, கண்தான் உதவியது. மூக்கைப் பிடிக்கிறார்கள், மூச்சை இழுக்கிறார்கள், அப்படியே அடக்கிக்கொண்டு முகம் சிவக்க உட்கார்ந்திருக்கிறார்கள். முடிந்து எழுந்து போகும்போது ஒவ்வொருத்தர் முகமும் அபிசேகம் முடிந்து திரை விலக்கிய மாதிரி தெளிவாக இருக்கிறது. மதினி முடிவு கட்டிவிட்டாங்க. விசயம் எல்லாம் அடக்குவதில்தான் இருக்கிறது. எவ்வளவு அடக்குகிறோமோ அவ்வளவு நல்லது.

எங்கள் பக்கத்தில் எதையும் கொஞ்சமாகச் செய்து பழக்கம் இல்லை. சாமிக்கு என்றால் நூற்றியெட்டு. கோயிலைச் சுற்றினாலும் நூற்றியெட்டு, விளக்குப் போட்டாலும் நூற்றியெட்டு. மதினி மாரியாத்தாளிடம் நேர்ந்துகொண்டாங்க. தாழ்வாரத்தில் ஒரு பக்கத்துக்கு ஆறு தூண். ஆடிக்குள் முதல் தூணிலிருந்து ஆறாம் தூண் வரை மூச்சு விடாமல் துடைத்துவிட்டால், இந்த வருசம் முளைப்பாரி தானே தூக்குவது. இது என்னிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் பலிக்காதாம்.

முதல் வாரம் இரண்டு தூண். அடுத்த வாரம் மூன்று. மூன்றாம் வாரம் ஒரு நாள் அடுப்படியில் நான் பணியாரம் ஊற்றிக்கொண்டிருக்கிறேன், 'டமார்' என்று வாளி உருளுகிற சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் மதினி தூணில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருக்காங்க. துடைத்த தண்ணீர் முழுக்க ஒரு வெள்ளைக்கார அம்மாவின் விரிப்பில். பாவம், அந்த அம்மா தன் விரிப்பைப் பார்க்காமல் மதினிக்கு விசிறிக்கொண்டிருந்தது.

தீக்ஷா மதினியின் கையைப் பிடித்து நாடி பார்த்தது. "என்னக்கா செஞ்சீக? காலைல சாப்பிடலையா?"

"அஞ்சு இட்லி சாப்பிட்டேன் ஆச்சி."

"பின்ன என்ன?"

"நாலாந்தூணு வரைக்கும் வந்துட்டேன்," என்றாங்க மதினி, குற்றவாளி மாதிரி.

"எங்கருந்து?"

"மொதத் தூணுலருந்து. மூச்சு விடாம."

தீக்ஷா என்னைப் பார்த்தது. நான் தீக்ஷாவைப் பார்த்தேன். நான்தான் முதலில் சிரித்தேன், அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டேன். தீக்ஷா சிரிக்கவில்லை. மற்றவர்களைச் சாப்பிட அனுப்பிவிட்டு மதினியின் பக்கத்தில் ஈரத் தரையிலேயே உட்கார்ந்து, "எதுக்குக்கா?" என்று கேட்டது. மதினி எல்லாவற்றையும் சொன்னாங்க. டிரான்ஸ்பார்மர் முக்கு, சாய்ந்த சட்டி, ஈசிஜி, தொண்டைக்கட்டுப் பொய் எல்லாம்.

கேட்டு முடித்துவிட்டு தீக்ஷா சொன்னது: "அக்கா, மூச்ச அடக்குறது உங்களுக்கு வேணாம். பயத்துல ஏற்கெனவே நீங்க அடக்கிக்கிட்டுத்தான் இருக்கீக. உங்களுக்கு வேண்டியது விடுறது. நாலு எண்ணி வாங்குங்க, எட்டு எண்ணி விடுங்க. மூச்சு வெளிய போகையில நெஞ்சு அடிக்கிறது கொஞ்சம் மெதுவாகும். நீளமா விட விட, 'சரி, ஆபத்து ஒண்ணும் இல்ல போல'ன்னு உடம்பு நம்ப ஆரம்பிக்கும். உடம்பு நம்பினா மனசும் பின்னாலயே வரும்."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான். ஆனா தெனமும் செய்யணும். டாக்டர்ட்டயும் ஒரு வார்த்தை கேட்டுருங்க. அப்புறம் என்னை ஆச்சின்னு கூப்பிடாதீக. எனக்கு இருபத்தேழுதான் ஆகுது."

"ஆச்சிங்கிறது வயசுக்கு இல்லம்மா, வீட்டுக்கு," என்றாங்க மதினி.

டாக்டர் தாராளமாகச் செய்யச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வெள்ளைக்காரர்கள் சாப்பிடுகிற நேரத்தில் பின்கட்டில் தண்ணீர்த் தொட்டி ஓரமாக மதினிக்குப் பத்து நிமிச வகுப்பு. எண்ணுவது என் வேலை. எண்ணுக்குப் பதிலாக ஆத்தா பேரைச் சொல்லலாமா என்று மதினி கேட்டாங்க. சொல்லலாம் என்றது தீக்ஷா. நாலு மாரியாத்தா உள்ளே, எட்டு மாரியாத்தா வெளியே. எனக்கு அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருக்கும்.

"சோலை, இப்ப நீ சொன்னது ஆறு மாரியாத்தா. ரெண்ட முழுங்கிட்ட," என்று மதினி கண்ணை மூடிக்கொண்டே சொல்வாங்க.

அது பழகியதும் மூக்குப் பயிற்சி. வலது பெருவிரலால் வலது மூக்கை அடைத்து இடது பக்கமாக வாங்க வேண்டும். மோதிர விரலால் இடதை அடைத்து வலது பக்கமாக விட வேண்டும். பிறகு அதே மாதிரி மாற்றி. முதல் வாரம் மதினிக்கு எந்த விரல் எந்த மூக்கு என்று குழம்பி, இரண்டையும் சேர்த்து அடைத்துவிட்டு முழிப்பாங்க. படிந்ததும் மதினிக்கு இதுதான் ரொம்பப் பிடித்துப்போனது. கைக்கு ஒரு வேலை இருக்கிறதாம். படபடப்பு தலை தூக்கினால் கை தானாக மூக்குக்குப் போய்விடும்.

அப்புறம் வண்டுப் பயிற்சி என்று ஒன்று. வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று ரீங்காரமாக மூச்சை விட வேண்டும்.

"இது என்ன ஆச்சி, வாயை மூடிக்கிட்டுப் போடுற குலவையா?" என்று கேட்டாங்க மதினி.

"அப்படியும் வச்சுக்கலாம்," என்றது தீக்ஷா. ஆனால் குலவை என்று தன் வாயால் சொன்னதும் மதினியின் முகம் சுருங்கிவிட்டது. அன்றைக்கு அதோடு எழுந்து வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாங்க.

வீட்டில் அண்ணனுக்கு இதெல்லாம் தெரியாது. அண்ணன் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். ஒரு நாள் சாயந்தரம் தேவகோட்டைச் சந்தைக்கு ஓட்டம் போய்விட்டு நல்ல நெத்திலிக் கருவாடாக ஒரு பை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். உள்ளே நுழைந்தால் மதினி சாமி படத்துக்கு முன்னால் சம்மணம் போட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்காங்க.

"ஏன்டி, நான் இன்னும் பையவே அவுக்கலையே," என்றாராம்.

மதினி எட்டு மாரியாத்தா முடிகிற வரை பதில் சொல்லவில்லையாம். முடித்துவிட்டு, "அவுக்காமலே தெரு முக்குலருந்து மணக்குது. போயி கை காலக் கழுவுங்க," என்றாங்களாம். அண்ணன் மறுநாள் என்னிடம் வந்து, "என்னத்தா ஆச்சு உன் மதினிக்கு? நான் கருவாடு வாங்கிட்டு வந்த விலையக் கேட்டா தெருவுக்கே கேக்கிற மாதிரி வைவா. நேத்து வையவே இல்லையே. ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தார். நான் விசயத்தைச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து அவரும் ஆட்டோவில் சிக்னலுக்கு நிற்கும்போது மூக்கைப் பிடித்துப் பார்த்தாராம். பின்னால் நின்ற லாரிக்காரர் ஹாரன் அடித்துக் கெடுத்துவிட்டாராம்.

உண்மையிலேயே மதினியிடம் மாற்றம் தெரிந்தது. படுத்தால் தூக்கம் வந்தது. ரேஷன் கடை வரிசையில் நிற்க முடிந்தது. நெஞ்சு லேசாக அடித்தால், "ஆரம்பிச்சுருச்சு. இரு வாரேன்," என்று விருந்தாளியிடம் பேசுகிற மாதிரி அதனிடம் சொல்லிவிட்டு மூக்கைப் பிடிப்பாங்க. ஒரு நாள் பஸ்ஸில் போகும்போது ஏதோ கல்யாண வீட்டு மேளம் பக்கத்திலேயே வந்தது. மதினியின் கை மூக்குக்குப் போய்விட்டது. கண்டக்டர் பார்த்துவிட்டு, "என்னம்மா, வண்டிக்குள்ள எதுவும் செத்துக் கெடக்கா?" என்று சீட்டுக்கு அடியில் குனிந்து தேட ஆரம்பித்துவிட்டார். மதினிக்கு மூச்சுவிடுவதற்குப் பதில் சிரிப்பு வந்துவிட்டது. படபடப்பு இருந்த இடம் தெரியவில்லை.

ஆடி பிறந்தது. செவ்வாய்க்கிழமை முளைப்பாரி போட நாள் குறித்தார்கள். அதற்கு முதல் நாள் துர்காதேவி மதினி வீட்டுக்கு வந்தாள். அளவெடுக்கிற டேப்பு இன்னும் கழுத்திலேயே கிடந்தது.

"அக்கா, ஒளிவு மறைவு இல்லாம கேக்குறேன், தப்பா நெனைக்காதீக. இந்த வருசம் முன்னாடி நிக்கிறீகளா, இல்ல நான் நிக்கட்டா? கோயில்ல என்னையக் கேக்குறாக. நான் என்ன சொல்லட்டும்?"

நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அந்த நேரம் துர்காதேவி மேல் கோபம் வந்தது. அவள்மேல் தப்பே இல்லை என்றும் தெரிந்தது.

"முளைப்பாரி போடுறேன்," என்றாங்க மதினி. "சுமக்கிறேன். டிரான்ஸ்பார்மர் முக்கு தாண்டுறவரைக்கும் நான் முன்னாடி நிக்கேன். தாண்டலைன்னா நீ எடுத்துக்க. அதுக்கப்புறம் வருசா வருசம் நீயே நின்னுக்க. ஆத்தா சத்தியமா நான் மொகம் கோணமாட்டேன்."

"தாண்டுனா?"

"தாண்டுனா நீ அடுத்த வருசமும் என் ஜாக்கெட்ட டைட்டா தச்சுக் கொடு. அதுலதான் மூச்சு முட்டுதுன்னு நான் எல்லார்ட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியணும்."

துர்காதேவி சிரித்துவிட்டாள். ஆனால் வாசலைத் தாண்டும்போது என் கையைப் பிடித்து, "சோலைக்கா, குலவை போட்டுப் பாத்தாகளா?" என்று மெல்லக் கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். மூச்சுப் பயிற்சி எல்லாம் செய்தாங்களே தவிர, மதினி ஒரு குலவைகூடப் போட்டுப் பார்க்கவில்லை. தொண்டைவரை வந்து நின்றுவிடுகிறது என்றாங்க.

சட்டியில் மண்ணும் எருவும் போட்டு, ஊறவைத்த நவதானியத்தைத் தூவி, வெளிச்சம் படாத அறையில் எட்டு நாள் வைத்தோம். சாயந்தரம் சாயந்தரம் கும்மி. மதினியின் சட்டியில் முளை ஒரு முழத்துக்கு நின்றது. "மதினி விடுற மூச்சுக்காத்து பட்டே வளந்துருச்சு," என்றேன். "எல்லாம் ஆத்தா," என்றாங்க. அதுவும் சரிதான்.

ஒன்பதாம் நாள், புதன்கிழமை சாயந்தரம் நாலரை மணிக்கு ஊர்வலம் கிளம்பியது. ஐம்பத்தி மூன்று சட்டி. மதினி முன்னால், பக்கத்தில் என் சட்டியோடு நான், நேர் பின்னால் துர்காதேவி. கோயில் வாசலில் சட்டியைத் தூக்கித் தலையில் வைத்ததும் குலவை வேண்டும். மதினி வாயைத் திறந்தாங்க, வரவில்லை. துர்காதேவி பின்னாலிருந்து சட்டென்று ஒரு குலவை போட்டுச் சமாளித்துவிட்டாள். ஊர்வலம் நகர்ந்தது. வழி நெடுக அவளே போட்டுக்கொண்டு வந்தாள், மூணு விசிலும் இறக்கலுமாக. தெருவாசலில் நின்றவர்கள் மதினியைப் பார்ப்பதும் தங்களுக்குள் பேசிக்கொள்வதும் தெரிந்தது.

தூரத்தில் டிரான்ஸ்பார்மர் தெரிந்தது. மேளக்காரர்கள் அந்த முக்கில் நின்றுதான் நன்றாக அடிப்பார்கள். எதிரே டீக்கடை, இரண்டு பக்கமும் கூட்டம். தீக்ஷாகூட டீக்கடை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தது. முக்குக்குப் பத்தடி இருக்கும்போது மதினியின் நடை நின்றது. மேல் உதட்டில் வேர்வை. நெஞ்சு ஏறி ஏறி இறங்குவது சேலைக்கு மேலேயே தெரிந்தது.

நான் எதிர்பார்த்தது மாதிரியே மதினியின் வலது கை மூக்கைத் தேடி இறங்கியது. இறங்கிய உடனே சட்டி ஆடியது. கை திரும்ப மேலே போய்விட்டது. முளைப்பாரிச் சட்டியை இரண்டு கையாலும் பிடித்தாக வேண்டும்; போன வருசம் துர்காதேவி ஒரு கையால் சமாளித்தது கண் மூடித் திறக்கிற நேரம்தான். அத்தனை நாள் தொட்டி ஓரத்தில் பழகிய பழக்கத்தில் இதை நாங்கள் யாரும் யோசிக்கவே இல்லை. தீக்ஷா யோசிக்கவில்லை, நான் யோசிக்கவில்லை, மூக்கை வைத்திருக்கிற மதினியும் யோசிக்கவில்லை.

"சோலை," என்றாங்க மதினி பல்லைக் கடித்துக்கொண்டு. "மூக்கு."

"என் கையும் மேலதான மதினி இருக்கு."

"துர்காவ..."

"அவ கையும் மேலதான்."

ஐம்பத்தி மூன்று பெண்கள், நூற்றி ஆறு கை, அத்தனையும் தலைக்கு மேலே. மதினியின் மூக்கைப் பிடிக்க ஒரு கை கிடையாது. அந்த நேரத்தில் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஆத்தா, இதென்ன சோதனை என்று நினைத்தேன்.

பின்னால் வரிசை முட்டி நின்றது. துர்காதேவியின் குலவை பாதியில் தீர்ந்துபோனது. "அக்கா," என்று கூப்பிட்டாள். "நான் முன்னாடி வரட்டா? சொல்லுங்கக்கா."

நான் வேறு எதுவும் தெரியாமல் எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். எண்ணினேன். "மாரியாத்தா. மாரியாத்தா. மாரியாத்தா. மாரியாத்தா." சாம்பார் கொதிக்கிற அவசரம் இல்லாமல் நிதானமாகச் சொன்னேன். மதினியின் வயிறு மெல்ல முன்னால் வந்தது. மூக்கைப் பிடிக்காமலேயே மூச்சு உள்ளே போகிறது.

இப்போது விட வேண்டும். எட்டு மாரியாத்தா விட வேண்டும். மேளம் காதைப் பிளக்கிறது, வண்டு மாதிரி ரீங்காரம் போட்டால் தனக்கே கேட்காது. மதினி என்னைப் பார்த்தாங்க. அப்புறம் நாக்கு அசைந்தது.

முதலில் காற்றுதான் வந்தது. அப்புறம் சத்தம். அப்புறம் குலவை.

நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். எட்டு தாண்டியது. பன்னிரண்டு. பதினைந்து. மேளக்காரர் ஒருத்தர் அடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பதினெட்டில் மதினி தானாக முடித்தாங்க. முட்டி நிற்கவில்லை, கோலத்தில் கடைசிப் புள்ளியைத் தொட்டுக் கையை எடுக்கிற மாதிரி முடித்தாங்க. முடித்த உடனே அடுத்ததை எடுக்க வாயைத் திறந்தாங்க. அந்த அவசரத்தில்தான் போன வருசம் மூச்சு முட்டியது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. இருபத்து நாலு வருசமும் மதினி தனியாளாக ஒரு குலவையின் வாலிலேயே அடுத்த குலவையைப் பிடித்து ஓடியிருக்காங்க. குலவை அறுந்துவிடக் கூடாது என்று வாங்க வேண்டிய மூச்சை வாங்காமலேயே இருந்திருக்காங்க.

"துர்கா, நீ போடு," என்று நான் திரும்பாமலே கத்தினேன். "மதினி, நீங்க வாங்குங்க. மாரியாத்தா, மாரியாத்தா..."

துர்காதேவி சூட்டிகை. உடனே பிடித்துக்கொண்டாள். அவளுடைய மூணு விசில் போகிற நேரம் மதினிக்கு நாலு மாரியாத்தா நிதானமாக உள்ளே போகச் சரியாக இருந்தது. அவள் இறக்குகிற இடத்தில் மதினி ஏற்றினாங்க. மதினி இறக்கினால் அவள் ஏற்றினாள். மூன்றாவது சுற்றில் மதினியின் முகத்தைப் பார்த்தேன். மேல் உதட்டு வேர்வை அப்படியே இருந்தது. ஆனால் கண் தெளிந்துவிட்டது. கால் நகர்ந்தது. டிரான்ஸ்பார்மர் எங்களுக்குப் பின்னால் போய்விட்டது. எப்போது போனது என்று நான் கவனிக்கவே இல்லை.

ஊரணிக்கரை வரை அந்தக் குலவை அறுபடவில்லை. ஐம்பத்தி மூன்று சட்டியும் பழுதில்லாமல் இறங்கின. முளைகளைத் தண்ணீரில் விட்டுவிட்டு மதினி படியில் உட்கார்ந்து, விடுதலையான கையால் முதல் வேலையாக மூக்கைத் தடவிக்கொண்டாங்க. எல்லாரும் சிரித்தோம்.

"படபடப்பு போயிருச்சா மதினி?" என்று கேட்டேன்.

"எங்க போச்சு? முக்குல நின்னுக்கிட்டுத்தான இருந்துச்சு. அது பாட்டுக்கு அடிக்கட்டும்னு நான் என் பாட்டுக்கு மூச்ச விட்டேன். நமக்கு வேலை கெடக்குல்ல."

தீக்ஷா பின்னாலேயே வந்திருந்தது. "அக்கா, பதினெட்டு வரைக்கும் வெளிய விட்டீக. நானே பதினாலுக்கு மேல போக மாட்டேன்," என்றது.

"நீங்க வாயை மூடிக்கிட்டு விடுறீக ஆச்சி. தொறந்து விட்டுப் பாருங்க."

அடுத்த வருசம் முன்னால் யார் நிற்பது என்று துர்காதேவி கேட்கவில்லை. சொன்ன சொல்படி முக்கைத் தாண்டியாகிவிட்டது. மதினிதான் அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாங்க.

"வாரவருசம் நீ பின்னாடி வராத. என் பக்கத்துல வா. ஒரு மூக்குல வாங்கி மறு மூக்குல விடுற மாதிரி ரெண்டு பேரும் போடுவோம். நான் வலது மூக்கு, நீ இடது மூக்கு."

"எனக்கு எப்பப் பாத்தாலும் சளிக்கா," என்றாள் துர்காதேவி.

"அதுக்குத்தான் காலைல பத்து நிமிசம் தொட்டி ஓரமா வான்னு சொல்றேன். சோலை எண்ணுவா. ஆனா ஒண்ணு, அவ எட்டை நம்பாத."